பின்பலகையை அழுத்திப் பார்த்த அக்கா

அந்த அக்கா என் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் பின்பலகையை இரண்டு கையாலும் அழுத்துவாள். உடம்புக் கனம் முழுவதையும் கொடுத்து அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுப்பாள். வண்டியின் பின்பக்கம் ஒரு தரம் இறங்கி, ஏறி, நின்றுவிட்டால் ஏறுவாள். இரண்டு தரம் ஆடினால் என் முகத்தைப் பார்ப்பாள். மூன்று தரம் ஆடினால் ஏற மாட்டாள்.

யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. பட்டறைக்காரர்கள் அப்படிப் பார்ப்பார்கள். ஏலக்காய் எடுக்கப் போகிற பொம்பளை பார்த்து நான் கண்டதில்லை.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதில் நான் போடியில் வண்டி ஓட்டினேன். ஜீப்பு மாதிரி மூக்கு, பின்னால் லாரி மாதிரி தொட்டி. குட்டி லாரி என்போம். சொந்த வண்டி. விடிகிற நேரத்தில் பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு அடிவாரத்து முந்தல் வழியாக மலையேறுவேன். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். ஆட்களை விட்டுவிட்டு உடனே இறங்கிவிடுவேன். சாயங்காலம் மறுபடி ஏறிப்போய்க் கூட்டிவருவேன். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

அந்த அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒல்லி உடம்பு, மெதுவான பேச்சு. எல்லோரும் ஏறிய பிறகுதான் ஏறுவாள். பின்பலகையை ஒட்டி உட்கார்ந்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே தொங்கப் போட்டிருப்பாள். வண்டி உருண்டால் குதித்துவிடலாம் என்று.

"எங்கிட்டு மதினி குதிப்பே? அங்கிட்டு ஆகாசமில்ல இருக்கு?" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"ஆகாசத்துல விழுந்தாலும் வண்டிக்கு அடியில விழக்கூடாதுத்தா" என்பாள்.

பயந்தவள் என்றால் எல்லாவற்றுக்கும் பயந்தவள் என்று நினைத்துவிடக் கூடாது. ஏலச்செடித் தூரில் சுருண்டு கிடந்த பாம்பைக் கம்பால் தள்ளி எறிந்துவிட்டு, அதே தூரில் கைவிட்டுக் காய் எடுத்தவள். அட்டை கடித்தால் பேச்சை நிறுத்தாமல் பிடுங்கிப் போடுவாள். தேவாரம் ஊர்ப் பக்கம் யானை இறங்கித் தோட்டத்தை மிதித்தது என்று வண்டியே பேசிக்கொண்டு வந்தபோது, "அது பசிக்குத் தின்னுட்டுப் போகுது" என்றாள். அவளுக்குப் பயமெல்லாம் மனுசன் செய்து வைத்து, நல்லாத்தான் இருக்கு என்று சொன்ன சாமான் மேலேதான்.

தோட்டத்து ஓடையில் இரண்டு மரத்தைப் போட்டுப் பாலம் கட்டினார்கள். கங்காணி ஏறிக் குதித்துக் காட்டி, "நல்லாருக்கு, போங்க" என்றார். அக்கா ஒரு பெரிய கல்லைத் தூக்கிவந்து பாலத்து நடுவில் போட்டாள். பாலம் அசையவில்லை. அதற்குப் பிறகும் அவள் ஓடையில் இறங்கி முழங்கால் தண்ணீரில்தான் போனாள். அந்த வருசம் முழுக்க அப்படித்தான். பாலம் அதற்கடுத்த வருசமும் நின்றது.

சிலமலையில் ஒரு கல்யாணம். பந்தலுக்குள் வரமாட்டேன் என்று வெயிலில் நின்றாள். நடுக்கால் சாய்ந்திருக்கிறதாம். பந்தல் போட்டவனுக்குக் கோபம். வந்து அந்தக் காலைப் பிடித்து உலுக்கிக் காட்டினான்.

"பாரு, ஆடுதா?"

"நீ ஆட்டுனா ஆடாதுப்பு. காத்து ஆட்டுனா?"

இலையை வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள். நின்றுகொண்டே சாப்பிட்டாள். பந்தல் மூன்று நாள் நின்றது. பிரிக்கிற அன்று நாலு பேர் கயிறு போட்டு இழுத்துத்தான் அந்த நடுக்கால் விழுந்ததாம். அதை வேலை மெனக்கெட்டு அவளிடம் வந்து சொன்னார்கள். "நல்லதுதானே" என்றாள்.

பத்துக்கு ஒன்பது தரம் அவள் பயம் வீணாகத்தான் போகும். அதற்கு அவள் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. பசிக்கிறது என்று சொல்வதுபோலப் பயமாக இருக்கிறது என்பாள்.

காரணம் கேட்காத ஆள் இல்லை. வீட்டுக்காரர் மலையில் விழுந்து செத்தாரா, சின்ன வயதில் கிணற்றில் விழுந்தாயா என்றெல்லாம் கேட்பார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லே. அவரு காமாலையில போனாரு. எனக்குப் பயம். அம்புட்டுத்தான்."

எனக்கு அந்த அக்காவைக் கண்டால் பயம். அன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். மலையில் வண்டி ஓட்டுகிறவன் பள்ளத்தை நினைக்கக் கூடாது. நினைத்தால் கை நடுங்கும். நான் நினைக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் பின்பலகையில் கை வைக்கும்போதெல்லாம் என் வயிற்றுக்குள் யாரோ கைவிட்டுப் பார்ப்பதுபோல இருக்கும்.

ஒரு கார்த்திகைக் கடைசி. அவள் பலகையை அழுத்தினாள். வண்டி நாலு தரம் ஆடியது.

"தம்பி, பின்னாடி செத்துப் போச்சு."

"என்னக்கா செத்துச்சு? பட்டையெல்லாம் புதுசு."

"பட்டையை யாரு சொன்னா? பட்டையை அடக்குற குழா செத்துப் போச்சு. வளைவுல வாலு தனியாப் போகுது."

உண்மைதான். ஸ்பிரிங் பட்டை குண்டு குழியில் விழுந்தால் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்க, அச்சுக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு குழாய் இருக்கும். சைக்கிள் பம்பு மாதிரி. உள்ளே எண்ணெய். ஷாக் அப்சர் என்போம். அது தேய்ந்துபோனால் சக்கரம் ரோட்டில் பாவாது. வளைவில் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நகரும். எனக்கு ஒரு மாதமாகத் தெரியும்.

அன்று அவள் ஏறவில்லை. தூக்குப்போணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மறுநாளும் வந்து, அழுத்திப் பார்த்து, திரும்பினாள். மூன்றாம் நாள் அவளோடு இன்னும் இரண்டு பேர் இறங்கி நின்றார்கள்.

"ஆளு கொறையுதேப்பா. வேற வண்டி பாக்கட்டுமா?" என்றார் கங்காணி.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வீட்டு வாசலில் போட்டேன். என் பெண்டாட்டி சிலமலையில் அவள் ஆத்தா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும்தான். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தேன். பின்பக்கம் ஜாக்கி ஏற்றி, அச்சுக்கு அடியில் உரலைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். நட்டெல்லாம் துரு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, இரவல் வாங்கிய பைப்பு ஸ்பேனரைப் போட்டுத் தொங்கித் திருப்பினேன். இரண்டு குழாயும் வந்தன. இழுத்து அமுக்கிப் பார்த்தேன். கைக்கு ஒன்றும் தட்டவில்லை. மூடியைத் திறந்து கவிழ்த்தால் ஒரு கரண்டி கறுப்புத் தண்ணீர்தான் வந்தது.

புதுசு வாங்க மதுரைக்குப் போக வேண்டும். போனால் திங்கள்கிழமை சோலி போய்விடும். அந்த ஒரு நாளில் வேறு வண்டி என் இடத்தில் வந்து நிற்கும். அதற்கென்று உள்ள எண்ணெயாவது வாங்கலாம் என்றால் ஞாயிறு, கடை அடைத்திருந்தது.

வீட்டில் கேரளத்துப் பூப்பாறையிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் ஒரு டின் இருந்தது. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று நினைத்தேன். ஊற்றினேன். மூடியை இறுக்கிவிட்டு இழுத்து அமுக்கினேன். கைக்குக் கனமாக, பதமாக இருந்தது. நல்ல வெயில் அன்றைக்கு. திரும்ப மாட்டி, சக்கரம் போட்டு, உரலை உருவி, பின்பலகையை நானே அழுத்திப் பார்த்தேன். ஒரு தரம் இறங்கி நின்றது.

மார்கழி வந்தால் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை என் பெண்டாட்டி வெயிலில் வைத்து உருக்குவாள். வருசா வருசம் பார்த்தவன்தான் நான். அது அந்த நேரத்தில் புத்தியில் வரவில்லை. அவள் ஊரிலிருந்து வந்து, "டின்னு காலியாக் கெடக்கே?" என்றபோது, சாய்ந்து கொட்டிவிட்டது என்றேன்.

திங்கள் காலையில் அக்கா வந்தாள். அழுத்தினாள். வண்டி இறங்கி, ஏறி, நின்றது. இன்னொரு தரம் அழுத்தினாள். நின்றது.

"மாத்திட்டியா தம்பி?"

"மாத்திட்டேன்."

"புதுசா?"

"புதுசு."

என்னையே பார்த்தாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். ஏறினாள். பின்பலகைக்குப் போகவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு நடுவில் போய், இரண்டு காலையும் மடக்கி உட்கார்ந்தாள்.

"என்ன மதினி, இன்னிக்கு ஆகாசம் வேண்டாமா?"

"அதான் தம்பி புதுசு போட்டிருக்குல்ல."

அன்றிலிருந்து பின்பலகையை அழுத்துவதையும் விட்டுவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. கண்ணாடியில் அவள் முகம் நடுவில் தெரியும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்ததால் குழாய்க்குள் சூடு இருந்திருக்கும். அதுவரை மலை மேல் அது ஓர் இரவும் தங்கவே இல்லை.

மார்கழி பிறந்து கடைசிச் சுற்றுக் காய் எடுப்பு. இரண்டு நாள் அங்கேயே தங்கி முடித்துவிடச் சொன்னார்கள். பொம்பளைகள் பதினெட்டுப் பேர் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் தங்கினார்கள். வண்டி வெட்டவெளியில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை இறங்க வேண்டும். அந்தப் பொம்பளைகளில் ராசிங்காபுரத்துக்காரி ஒருத்தி இருந்தாள். பெரிய வாய், நல்ல மனசு. அன்றைக்கு அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"டைவரே, வெரசா எடு. பத்து மணிக்கு மாப்ளை வீட்டுக்காரக வந்துருவாக. நான் போயித்தான் கேசரி கிண்டணும்."

"நீ கிண்டுனா மாப்ளை திரும்பிப் போயிருவாரு, வேற யாரையாச்சும் கிண்டச் சொல்லு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

வெயில் வருமுன்னே எடுத்தேன். பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. வண்டி நகர்ந்த உடனேயே தெரிந்தது. பின்பக்கம் மரக்கட்டைபோல இருந்தது. சின்னக் கல்லில் ஏறினாலும் ஆட்களைத் தூக்கிப் போட்டது.

"ஏம்ப்பா, வண்டிய விட்டுட்டு எங்களைக் கழுதை மேலயா ஏத்திட்டே?"

குளிர் என்று நினைத்தேன். பட்டை இறுகியிருக்கும், ஓட ஓடச் சரியாகும் என்று நினைத்தேன். மெட்டைத் தாண்டி இறக்கத்தில் விட்டேன். முதல் வளைவு ஒரு மாதிரியாக வந்தது. இரண்டாவது வளைவில் வலது பக்கம் டப்பென்று ஏதோ வெடித்தது. அப்போதுதான் என் பெண்டாட்டி வெயிலில் வைக்கிற எண்ணெய்க் கிண்ணம் கண்ணுக்குள் வந்தது.

ஒரு பக்கம் எண்ணெய் உறைந்து கட்டை. ஒரு பக்கம் வெடித்து வெறுங்குழாய். இடது சக்கரம் துள்ளுகிறது, வலது சக்கரம் ஆடுகிறது. மூன்றாவது வளைவில் திருப்பினேன். வண்டியின் மூக்கு திரும்பியது. வால் திரும்பவில்லை. அது பாட்டுக்கு வெளியே போனது. பின்சக்கரம் ஓரத்துச் சரளையில் ஏறியது. கல் உருண்டது. கல் கீழே விழுந்த சத்தம் வரவில்லை.

பிரேக்கை மிதித்தால் இன்னும் போகும். மிதிக்காவிட்டாலும் போகும். எப்படியோ சக்கரம் ரோட்டுக்கு வந்தது. பின்னால் யாருக்கும் தெரியவில்லை. பனியில் பள்ளம் மறைந்திருந்தது. பெண் பார்க்கிற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அடுத்த வளைவைப் பார்த்து ஓட்டினேன். இதைத்தான் என்னால் இன்றும் நினைக்க முடியவில்லை.

"நிப்பாட்டு."

அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. பாறையை ஒட்டி நிறுத்தினேன்.

இறங்கினாள். குனிந்து வண்டிக்கு அடியில் தலையை விட்டாள். அந்த வெடித்த குழாயின் வாயில் வெள்ளையாக மெழுகுபோல வழிந்து உறைந்திருந்தது. விரலால் வழித்து மோந்து பார்த்தாள். அந்த விரலை நீட்டிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள்.

"தேங்கா எண்ணெ."

நான் ஸ்டியரிங்கையே பார்த்தேன்.

"புதுசுன்னே."

கைப்பிரேக்கை இன்னும் ஒரு பல் இழுத்தேன்.

"இங்கன கழட்ட முடியுமா?"

"சாமானெல்லாம் வீட்டுல கெடக்கு."

"வெயிலு வந்தா எளகுமா?"

"ஒரு பக்கம் வெடிச்சு ஊத்திருச்சுக்கா. எளகினாலும் பிரயோசனம் இல்ல."

என் கை ஸ்டியரிங்கை விட்டு வரமாட்டேன் என்றது. பின்னாலிருந்து ராசிங்காபுரத்துக்காரி கத்தினாள்.

"அங்க என்னடி ரகசியம்? எடுக்கச் சொல்லு, நேரமாகுது."

அக்கா குரலை இறக்கினாள். "இப்பச் சொன்னா உன்னைய இந்தப் பள்ளத்துலயே தள்ளிருவாளுக." விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு வண்டிக்கு முன்னால் போனாள். நடுரோட்டில், முன்சக்கரத்துக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முன் பம்பரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு! நான் வரமாட்டேன். நீங்களும் வரக்கூடாது. எல்லாரும் எறங்குங்க. நடந்து போவோம்."

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக இறங்கி வந்தார்கள்.

"ஏ மதினி, பேயி கீயி புடிச்சிருச்சா?"

"நீ நடந்து வா. நாங்க என்னத்துக்கு?"

"வண்டிய எடுக்க விடமாட்டேன். எம்மேல ஏத்திட்டுப் போகச் சொல்லு."

ராசிங்காபுரத்துக்காரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். முடியைப் பிடித்தாள். அக்கா பம்பரை விடவில்லை. அழுதாள். வாய்விட்டு, சின்னப் பிள்ளைபோல. அது நடிப்பா நிஜமா என்று எனக்குத் தெரியாது. நிஜம் என்றுதான் நினைக்கிறேன்.

"டைவரே, நீ ஆம்பளைதானே? இவளைத் தூக்கி ஓரத்துல போட்டுட்டு எடுப்பா."

"அக்கா எந்திரிக்காம எப்படி எடுக்குறது?" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

எழுந்திரிக்க மாட்டாள் என்று தெரிந்ததும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். வளைவுக்கு வளைவு குறுக்கே இறங்குகிற ஒற்றையடிப் பாதை உண்டு. அதில் இறங்கினார்கள். "எம் மக வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியேடி" என்று ராசிங்காபுரத்துக்காரி அழுதுகொண்டே ஓடினாள். அக்கா கடைசியாக எழுந்தாள். பத்தடி போய்த் திரும்பினாள்.

"மொத கியருலயே வா தம்பி. பாறைப் பக்கமே வா."

மீதி வளைவுகளை நான் தனியாக இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, ஏறி எடுத்தேன். முந்தல் வந்தபோது வேட்டி நனைந்திருந்தது. வேர்வை என்று சொல்லலாம். வேர்வை இல்லை.

அங்கே ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். அவர்கள் வந்து சேர வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பலபேர் காலில் செருப்பில்லை. அக்காவின் குதிகால் கிழிந்து ரத்தம் மண்ணோடு காய்ந்திருந்தது. யாரும் அவள் பக்கத்தில் நடக்கவில்லை. ராசிங்காபுரத்துக்காரி நேராக என்னிடம் வந்தாள்.

"ஏப்பா, நீ சொல்லு. நடந்து வந்தோமே எல்லாரும், வண்டியில எதாச்சும் கோளாறு இருந்துச்சா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்லே. வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

ராசிங்காபுரத்துக்காரி அக்காவின் காலடியில் துப்பினாள்.

மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம் வரை இருந்துவிட்டுப் போய்விட்டார்களாம். பெண்ணைப் பெற்றவளே வராத வீட்டில் என்ன சம்பந்தம் என்று கேட்டார்களாம். அந்தச் சம்பந்தம் போனது. பின்னால் வேறு இடத்தில் முடிந்தது, நல்லபடியாகவே இருந்தாள் அந்தப் பெண் என்று கேள்வி. ஆனால் அவள் ஆத்தாள் அக்காவோடு பேசவே இல்லை.

அக்காவுக்கு நடைக்காரி என்று பேர் விழுந்தது. ஏலக்காய் எடுக்கப் போகிற கூட்டத்தில் யாராவது தயங்கினால், "நீயும் நடைக்காரி மாதிரி ரோட்டுல உக்காரப் போறியா?" என்பார்கள். டீக்கடையில் டிரைவர்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். என்னிடம்தான் கேட்பார்கள், நீதானே ஓட்டினாய், எப்படி அழுதாள் சொல்லு என்று. சொல்லியிருக்கிறேன். சிரித்தும் இருக்கிறேன். சில வருசம் கழித்து அவள் தேவாரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டாள். அந்தப் பேரும் கூடவே போனதா என்று தெரியாது.

ஆனால் எனக்கு அவளை நினைத்தால் வருவது அந்த ரோடு இல்லை. அதற்கு மறுநாளுக்கு மறுநாள்தான்.

சனிக்கிழமை மதுரைக்குப் போய் இரண்டு ஷாக் அப்சரும் புதுசாக வாங்கிவந்தேன். ஞாயிறு காலையில் வாசலில் வண்டியைத் தூக்கி வைத்தேன். யாரும் கூப்பிடவில்லை. அக்கா நொண்டிக்கொண்டே வந்து எதிர்ச் சுவர் நிழலில் குத்தவைத்தாள். குதிகாலில் துணி சுற்றியிருந்தது.

எல்லோரிடமும் சொல்லப்போகிறாள், அல்லது என்னிடம் ஏதாவது கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அதைக் கொண்டா பாப்போம்" என்றாள். கொடுத்தேன். காகிதத்தைப் பிரித்து, கையில் கனம் பார்த்தாள். நிமிர்த்திப் பிடித்து இழுத்தாள், அமுக்கினாள். பெண்பிள்ளை கைக்கு அது லேசில் அசையவில்லை. கடைசியில் அடைப்பு வாயை மோந்து பார்த்தாள்.

"இது புதுசு" என்றாள்.

அவ்வளவுதான். நான் ஜாக்கியை ஏற்றி உரலைக் கவிழ்த்து வைத்து, அடியில் போகக் குனிந்தேன்.

"இரு. அந்த உரலு சாஞ்சு நிக்குது."

"நிக்கும்க்கா."

"நிக்கும்னு சொல்லாதே. இன்னொரு கல்லு வையி."

வைத்தேன். அதை அவள் காலால் தள்ளிப் பார்த்தாள். பிறகுதான் போக விட்டாள்.

மல்லாந்து படுத்து மேல்நட்டைப் போட்டேன். அடுத்தது கீழ்நட்டு. அந்த நேரம் என் பெண்டாட்டி அவளுக்குக் காப்பி கொண்டுவந்தாள். அடியிலிருந்து எனக்கு நாலு கால்தான் தெரிந்தது. கொலுசு போட்ட இரண்டு. துணி சுற்றியதும் சுற்றாததுமாக இரண்டு.

"ஏங்க்கா, அந்தச் சம்பந்தம் போயிருச்சாமுல்ல" என்றாள் என் பெண்டாட்டி. வம்புக்கு இல்லை. அவளுக்கு மனசில் இருப்பது அப்படியே வாயில் வரும். "ஒங்க பயத்துக்கு அந்தப் புள்ளை என்னக்கா பண்ணும்? பாவமில்லையா?"

"பாவந்தேன்" என்றாள் அக்கா. "எம் பயம் அப்படி ஆத்தா. என்ன செய்ய?"

காப்பி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். துருத்தூள் கண்ணில் விழுந்தது. துடைக்கவில்லை.

கொலுசுக் கால் வண்டிப் பக்கம் திரும்பியது.

"ஏங்க, ஒங்களைத்தான். இருவது நாளைக்கு முன்னாடிதானே இதைக் கழட்டிச் சரி பண்ணுனீக? வண்டிக்கு ஒண்ணுமில்லைன்னு நீங்கதானே சொன்னீக? பெறகு எதுக்கு மறுபடி புதுசு மாட்டுறீக?"

ஸ்பேனரை நிறுத்தினேன். முகத்துக்கு மேலே அரைச்சாண் உயரத்தில் வண்டி. அது விழுந்துவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. வாயைத் திறந்தேன். துணி சுற்றிய காலின் விரல்கள் மண்ணில் அழுந்தின.

"எனக்காகத்தான் தம்பி மாட்டுது ஆத்தா" என்றாள் அக்கா. "புதுசு போட்டாத்தான் ஏறுவேன்னு நான்தான் சொன்னேன்."

"நல்லாருக்கே! ஒங்க ஒருத்திக்காகவா?" என்று என் பெண்டாட்டி சிரித்தாள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு நட்டை இறுக்கினேன். அது முன்பே இறுகியிருந்தது. மறுபடியும் இறுக்கினேன்.